தினமும் அணிகிற நகை: எதைத் திருத்தலாம், எதைத் தொடாமல் விடலாம்?

#1 சரடு
குடும்பத்தில் கைமாறி வந்த நகையைப் பெட்டியில் பூட்டி வைக்காமல் தினமும் அணிய விரும்புகிறவர்களுக்கு எல்லா விவரமும் ஓரிடத்தில் கிடைக்கட்டும் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். மூன்று பொருள்களை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்: 18 காரட்டில் மரகதம் பதித்த பழைய மோதிரம், ஒற்றை வரி முத்துச்சரம், சின்னப் பதக்கத்தோடு ஒரு மெல்லிய சங்கிலி. மூன்றுமே வேறொருவர் பல ஆண்டுகள் அணிந்து தேய்ந்தவை.

இவற்றில் எது அன்றாடப் புழக்கத்தைத் தாங்கும்? பழுது பார்க்கக் கொடுத்தால் முன்பு அணிந்தவரின் தடயம் போய்விடுமா? பொற்கொல்லரிடம் என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும்? "நல்ல கடையாகப் பார்த்துக் கேளுங்கள்" என்கிற பதில் போதாது. எதைப் பார்ப்பது, எதைத் தொடக்கூடாது என்று தெளிவாக எழுதினால் பலருக்கும் உதவும்.

#2 பட்டறைக்காரர்
அணிவதற்கு முன் பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்காராமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து பார்க்க வேண்டும். மோதிரத்தில் பார்க்க வேண்டியவை இவை.

முதலில் வளையத்தின் அடிப்பக்கம், அதாவது உள்ளங்கைப் பக்கம் இருக்கும் பகுதி. தேய்மானம் அங்கேதான் அதிகம். கல் இருக்கும் மேல்பக்கம் தடிமனாகத் தெரிவதால் அடியில் தகடு போல ஆகியிருப்பது கண்ணில் படாது. அளவுகோல் வைத்துப் பாருங்கள். தினமும் அணிய 1.5 மி.மீ. தடிமன் வேண்டும். 1 மி.மீ.க்குக் கீழே போனால் பையைத் தூக்கும்போதே வளைந்து முட்டை வடிவமாகும். வளையம் நெளிந்தால் கல்லைப் பிடித்திருக்கும் நகம் போன்ற பிராங்குகளும் கூடவே அசையும். கல் விழுவதற்கு இது முக்கியக் காரணம், பலரும் பிராங்கை மட்டும் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

அடுத்து பிராங். அதன் நுனி கல்லின் மேல் உருண்டு திரண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நுனி தட்டையாகி, பக்கவாட்டில் பார்த்தால் காகிதம் போல மெலிந்திருந்தால் புது நுனி கட்ட வேண்டும். நுனிக்கும் கல்லுக்கும் நடுவே இடைவெளி தெரிகிறதா, துணி நூல் மாட்டுகிறதா என்று பாருங்கள். மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் லேசாகத் தட்டினால், கல் ஆடுகிறதென்றால் மெல்லிய கடகட ஒலி கேட்கும்.

ஒரு எச்சரிக்கை. பிராங்குக்கு நுனி கட்ட நெருப்பு காட்டுவார்கள். வைரத்தைப் போரிக் அமிலப் பூச்சு போட்டுப் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே வைத்து வேலை செய்யலாம். மரகதம் அந்தச் சூட்டைத் தாங்காது. கல்லை வெளியே எடுத்துவிட்டுச் செய்ய வேண்டும், அல்லது லேசர் பற்றவைப்பு உள்ள இடத்தில் கொடுக்க வேண்டும். கொடுக்கும்போதே "இது மரகதம், கல்லோடு நெருப்பு காட்டாதீர்கள்" என்று ரசீதில் எழுதி வாங்குங்கள்.

சங்கிலியில் நடுப்பகுதி அறுவது குறைவு. அறுகிற இடங்கள் இரண்டு: கொக்கியைச் சேர்க்கும் கடைசி வளையமும், பதக்கத்தின் காதும். வளையம் வளையத்தோடு உரசும் இடத்தில் குழி விழுந்திருக்கும். கம்பியின் கனத்தில் பாதி தேய்ந்திருந்தால் அந்த இணைப்பு வளையத்தை மாற்றிவிடுங்கள். சின்ன வேலை, தள்ளிப்போட வேண்டாம்.

#3 மாற்று
தங்கத்தின் தரத்தைப் பற்றிக் கொஞ்சம். 24 காரட் என்பது 99.9 சதவீதம், 22 என்பது 91.6, 18 என்பது 75, 14 என்பது 58.5. மீதி செம்பு, வெள்ளி, சில நேரம் துத்தநாகம். கலப்பு கூடக்கூடக் கடினம் கூடும், கூடவே வேதிப்பொருள்களால் பாதிக்கப்படும் இடமும் கூடும். 22 காரட் நிறம் மாறாமல் இருக்கும், ஆனால் வளையும், கீறும், பிராங்காக வைத்தால் எளிதில் விலகும். 22 காரட்டில் கல் வேண்டுமென்றால் கல்லைச் சுற்றிலும் தகடு கட்டி மூடிப் பதிப்பதுதான் சரி. பிராங்குக்கு 18 நல்லது.

தினமும் அணிந்தால் தங்கம் தேய்ந்தே போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு கணக்கு. வியன்னாவில் இருந்த வேதியியலாளர் கியோர்க் ஸ்டைன்ஹவுசர் தன் 18 காரட் திருமண மோதிரத்தை ஓராண்டு முழுக்க வாராவாரம் எடை போட்டு 2008இல் முடிவை வெளியிட்டார். சுமார் 5.6 கிராம் மோதிரம். வாரத்துக்குச் சராசரி 0.12 மில்லிகிராம், ஆண்டுக்கு ஆறு மில்லிகிராம் சொச்சம் குறைந்தது. அதே வேகத்தில் 50 ஆண்டு அணிந்தாலும் மூன்றில் ஒரு பங்கு கிராம் கூடப் போகாது. மணல் கடற்கரைக்குப் போன நாள்களிலும் தோட்ட வேலை செய்த நாள்களிலும்தான் இழப்பு எகிறியது. தோலில் உரசுவதால் பெரிய நஷ்டம் இல்லை. மண்ணும் மணலும்தான் தங்கத்தைத் தின்கின்றன.

#4 கல்நோக்கு
மரகதத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது, கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள்.

கல்லின் கடினம் வேறு, உறுதி வேறு. கீறலைத் தாங்கும் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவையில் வைரம் 10, மாணிக்கமும் நீலமும் 9, ஸ்பைனலும் டோபாஸும் 8, மரகதம் 7.5 முதல் 8, குவார்ட்ஸ் வகைகள் 7, டான்சனைட் 6 முதல் 7, ஓபல் 5.5 முதல் 6.5. அந்த 7 என்கிற எண் முக்கியம். வீட்டுத் தூசியில் குவார்ட்ஸ் துகள் இருக்கிறது. அதற்குக் கீழே உள்ள கல்லை உலர்ந்த துணியால் துடைத்தாலே கீறல் விழும். அதனால் பின்பக்கம் மூடாத எந்தக் கல்லையும் முதலில் நனைத்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும்.

மரகதம் கீறலுக்குத் தாக்குப்பிடிக்கும். அடிக்குத் தாங்காது. உள்ளே இயற்கையாகவே நிறைய வெடிப்புக் கோடுகள் இருக்கும். அவை தெரியாமல் இருக்க சிடார் எண்ணெயோ பிசினோ ஏற்றுவது நெடுங்கால வழக்கம். சந்தையில் உள்ள மரகதங்களில் பெரும்பாலானவை இப்படி எண்ணெய் ஏற்றியவைதான், அதை ஒரு குறையாக நினைக்க வேண்டாம். ஆனால் சுடுநீர், சோப்பில் நீண்ட ஊறல், நீராவி, ஒலியதிர்வால் சுத்தம் செய்யும் அல்ட்ராசோனிக் தொட்டி ஆகியவற்றில் அந்த எண்ணெய் வெளியேறும். கல் திடீரென்று மங்கி, வெள்ளைக் கோடுகள் தெரிய ஆரம்பிக்கும். கல் உடைந்துவிட்டதென்று பலர் பதறுவார்கள். பெரும்பாலும் எண்ணெய் போனதுதான் காரணம், தெரிந்தவரிடம் கொடுத்தால் மறுபடி ஏற்றலாம்.

வைரத்துக்கும் பலவீனம் உண்டு. நான்கு திசைகளில் அது பிளக்கும். சரியான கோணத்தில் அடிபட்டால் இடை விளிம்பில், அதாவது கல்லின் அகன்ற சுற்றோரத்தில், சில்லு பெயரும். கூர்முனை உள்ள வடிவங்களில் அந்த முனைக்கு மேல் மூடிய பிராங் கட்டாயம்.

கெம்புக் கல் என்றால் இன்னொரு சிக்கல். ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கம் எலுமிச்சைச் சாறு போன்ற மென்மையான அமிலத்துக்கே அரிபடும். அது எந்த வகை என்று தெரியும்வரை வெறும் தண்ணீரும் ஈரத்துணியும் போதும்.

#5 சரடு
அப்படியானால் மரகத மோதிரத்தை தினமும் அணியவே கூடாதா?

#6 கல்நோக்கு
அணியலாம். அதிகம் புழங்காத கைக்கு மாற்றுங்கள். பிராங் பதிப்பாக இருந்தால் விளிம்பைச் சுற்றித் தகடு கட்டிய பதிப்புக்கு மாற்றலாம், ஆனால் பழைய அமைப்பு போய்விடும். பழைய தடயங்களைக் காக்கச் சொல்லும் நம் மன்ற உறுப்பினர் நினைவுக்குறி அதை ஒப்புக்கொள்ள மாட்டார். இடைவழி ஒன்று உண்டு: கல்லின் மேற்பரப்பு பிராங் நுனியைவிடத் தாழ்வாக இருக்கும்படி உட்காரவைத்தால் மேசை விளிம்பில் இடித்தாலும் முதல் அடி உலோகத்தின் மேல் விழும்.

கழற்ற வேண்டிய வேலைகளை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: பாத்திரம் துலக்குவது, தோட்டம், உடற்பயிற்சி, நீச்சல், தூங்குவது. மற்ற நேரம் கையிலேயே இருக்கட்டும்.

#7 நினைவுக்குறி
என் பெயரை இழுத்ததால் எழுதுகிறேன். பழைய அமைப்பை மாற்றவே கூடாது என்பதல்ல என் வாதம். ஆபத்தான தேய்மானம் எது, ஆளின் அடையாளமான தேய்மானம் எது என்று பிரித்துப் பார்க்காமல் கொடுத்துவிடாதீர்கள் என்பதுதான்.

மெலிந்த பிராங், அறுந்துகொண்டிருக்கும் இணைப்பு வளையம், தகடான அடிப்பாகம், விரிசல் விட்ட பற்றவைப்பு: இவற்றை உடனே சரிசெய்ய வேண்டும், அதில் உணர்ச்சிக்கு இடமில்லை. ஆனால் விளிம்பு மழுங்கியது, வெளிப்பக்கத்தில் நுண்கீறல்கள் சேர்ந்து பட்டுப் போன்ற மங்கல் படிந்தது, பக்கத்து விரல் உரசி ஒரு பக்கம் மட்டும் சரிந்தது, பதக்கத்தின் உருவம் கட்டைவிரல் தடவித்தடவி வழுவழுப்பானது: இவை அணிந்தவரின் கை செய்த வேலை. இதனால் நகைக்கு ஒரு கேடும் இல்லை. கடையில் கேட்காமலேயே மெருகு போட்டுக் கொடுத்துவிடுவார்கள். மெருகுச் சக்கரம் ஒரு சுற்றில் எடுத்துவிடுவதை எந்தக் கூலி கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாது.

அதனால் கொடுக்கும்போது எழுதியே கொடுங்கள்: "பற்றவைத்த இடத்தை மட்டும் கையால் தேய்த்துச் சமப்படுத்தவும். சக்கர மெருகு வேண்டாம். உள்பக்கத்தைத் தொட வேண்டாம்." உள்பக்கத்தில் முத்திரை, பெயர், தேதி இருக்கும். கையால் வெட்டிய எழுத்து ஆழமாக இருக்கும், சில மெருகு தாங்கும். லேசரில் பொறித்தது மேலோட்டமானது, ஓரிரு மெருகிலேயே மறைந்துவிடும். கொடுப்பதற்கு முன் உள்பக்கத்தைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து வையுங்கள்.

அளவு மாற்றும்போதும் இதே கவனம் வேண்டும். வளையத்தை வெட்டிச் சேர்ப்பார்கள். எழுத்து எங்கே ஓடுகிறது என்று பார்த்து, எழுத்தில்லாத இடத்தில் வெட்டச் சொல்லுங்கள்.

#8 பட்டறைக்காரர்
ஏறக்குறைய எல்லாம் சரி. ஒரு இடத்தில் மட்டும் மாறுபடுகிறேன். மெருகே போடாமல் விட்டால் பற்றவைப்பில் இருக்கும் ஊசிமுனைத் துளைகளும் மயிரிழை விரிசலும் கண்ணுக்குத் தெரியாது. அழுக்கும் கீறலும் அவற்றை மூடிவிடும். முழு மெருகு வேண்டாம், சந்தேகமான இடங்களில் மட்டும் மெல்லிய தாளால் தேய்த்துப் பார்க்க அனுமதி கொடுங்கள். கண்ணைக் கட்டிவிட்டு வேலை செய்யச் சொன்னால் நாளைக்கு அது அறுந்து விழும்.

#9 நினைவுக்குறி
ஏற்றுக்கொள்கிறேன். எந்த இடம் என்று முன்பே காட்டிவிட்டுச் செய்தால் சரி.

#10 வெண்பொன்
வெள்ளைத் தங்கம் வைத்திருப்பவர்களுக்கு மேலே சொன்ன தடயக் கணக்கு அப்படியே பொருந்தாது. வெள்ளைத் தங்கம் இயல்பில் லேசான மஞ்சளோ சாம்பலோ கலந்த வெண்மைதான். கண்ணாடி போன்ற வெண்மை மேலே உள்ள ரோடியம் என்கிற வெண்ணிற உலோகத்தின் முலாம். மோதிரத்தில் அது ஒரு மைக்ரானுக்கும் குறைவான கனத்தில் இருப்பது வழக்கம். தினமும் அணிந்தால் ஓரிரு ஆண்டில் அடிப்பக்கத்தில் மஞ்சள் எட்டிப்பார்க்கும். மறுபடி முலாம் பூச மேற்பரப்பை மெருகிட்டாக வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு கீறலும் முலாமுக்கு மேலும் தெரியும். ஒவ்வொரு முறையும் உலோகம் கொஞ்சம் போகும். முலாமே வேண்டாம், இயல்பான நிறத்திலேயே அணிகிறேன் என்பதும் நல்ல முடிவுதான்.

நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கம் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் தரும். முலாம் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது, தேய்ந்த பிறகுதான் தொந்தரவு ஆரம்பிக்கும். பல்லேடியம் கலந்த வகை அவர்களுக்கு ஏற்றது.

பிளாட்டினத்தில் நிலைமையே வேறு. கீறும்போது உலோகம் பெயர்ந்து போவதைவிட ஓரமாக ஒதுங்குவதே அதிகம், அதனால் எடை எளிதில் குறையாது. கீறல்கள் சேர்ந்து மென்சாம்பல் படலமாகும். ஒன்று தெரிந்து வாங்குங்கள்: ஒரே அளவு மோதிரம் 18 காரட் தங்கத்தைவிடப் பிளாட்டினம் 950இல் (95 சதவீதப் பிளாட்டினம்) சுமார் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எடை இருக்கும். சிலருக்கு அந்த கனம் பிடிக்கும், சிலருக்குக் கை ஓயும்.

#11 கழுவல்
சுத்தம் செய்யும் முறையை யாரும் எழுதவில்லை. வைரம் எண்ணெயை இழுத்துப் பிடிக்கும் கல். சுரங்கத்தில் வைரத்தைப் பிரித்தெடுக்கப் பசை தடவிய மேசையைப் பயன்படுத்தியதே இந்தக் குணத்தை நம்பித்தான். கைக்குப் பூசும் கிரீம், சோப்புப் படலம், தலைமுடி எண்ணெய் எல்லாம் கல்லுக்கு அடியில் போய் ஒட்டும். கல்லின் அடிப்பக்கம் அழுக்கானால் உள்ளே போன வெளிச்சம் திரும்பி வராது, மேலே எவ்வளவு துடைத்தாலும் மின்னாது.

முறை: ஒரு கிண்ணத்தில் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் தண்ணீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், 20 நிமிடம் ஊறல். பிறகு மிக மென்மையான குழந்தைப் பல்துலக்கியால் கல்லுக்குக் கீழிருந்து மேலாகத் தேயுங்கள். இன்னொரு கிண்ணத்தில் நல்ல தண்ணீர் வைத்து அலசுங்கள். கழுவுதொட்டியின் துளைக்கு மேலே பிடித்து அலசவே கூடாது. நூல் உதிராத துணியில் ஒற்றி எடுங்கள். வாரம் ஒருமுறை போதும்.

பற்பசை, சமையல் சோடாத்தூள், துலக்கும் பொடி எல்லாம் தங்கத்தைக் கீறும். குளோரின் உள்ள வெளுப்பான் இன்னும் மோசம். அது உலோகத்தின் உட்கலப்பை அரித்து, கண்ணுக்குத் தெரியாத விரிசல் விடச் செய்யும். நிக்கல் கலந்த வெள்ளைத் தங்கத்தின் பிராங்குகள் இதனால் ஒரு நாள் பட்டென்று முறியும். நீச்சல் குளத்துக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் மோதிரத்தோடு போகாதீர்கள்.

இந்த முறை பொருந்தாத நகைகள்: முத்து, ஓபல், டர்காய்ஸ், பவளம், மரகதம். மரகதத்துக்கு ஊறல் வேண்டாம், ஈரத்துணியே போதும். முக்கியமாக இன்னொன்று: பின்பக்கம் மூடிப் பதித்த பழைய கல்லுக்கு அடியில் மின்னுவதற்காக உலோகத்தாள் வைத்திருப்பார்கள். அதில் ஒரு சொட்டு தண்ணீர் இறங்கினால் தாள் கறுத்து, கல்லே செத்ததுபோல் ஆகிவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. பின்பக்கம் திறந்திருக்கிறதா என்று பார்க்காமல் எந்தப் பழைய நகையையும் நீரில் போடாதீர்கள்.

#12 முத்தாரம்
முத்துச்சரத்தைப் பற்றிக் கேட்டிருந்தார். தினமும் அணிவது முத்துக்கு நல்லது, பூட்டிவைத்த முத்து வறண்டு போகும் என்பது சரிதான். ஆனால் அணிந்துவிட்டு அப்படியே கழற்றிப் போடுவதில்தான் கெடுகிறது. முத்தின் மேல்பூச்சு கால்சியம் கார்பனேட். வியர்வையின் புளிப்பும் வாசனைத் திரவியமும் அதை மெல்ல அரிக்கும். மோஸ் அளவையில் 2.5 முதல் 4.5 வரைதான், தங்கக் கொக்கியே கீறிவிடும்.

நடைமுறை இவ்வளவுதான்: வாசனைத் திரவியம், முடித்தெளிப்பு, கிரீம் எல்லாம் முடிந்து காய்ந்த பிறகு கடைசியாக அணியுங்கள். இரவு முதலில் கழற்றுங்கள். ஈரம் பிழிந்த மென்துணியால் ஒவ்வொரு முத்தாகத் துடைத்து, தட்டையாகப் படுக்க வைத்துக் காற்றில் உலரவிடுங்கள். தொங்கவிட்டால் நூல் நீளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போடக்கூடாது.

பட்டுநூலில், முத்துக்கு முத்து முடிச்சிட்டுக் கோக்க வேண்டும். நூல் அறுந்தால் ஒரு முத்துதான் விழும், முத்துகள் ஒன்றோடொன்று உரசாது. முடிச்சுக்கும் முத்துக்கும் நடுவே நூல் தெரிய ஆரம்பித்தாலும், முடிச்சு பழுப்பேறினாலும், இனி தாமதிக்க வேண்டாம், புது நூலில் மறுபடி கோத்துவிடுங்கள். தினமும் அணிந்தால் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை வரும். கொக்கி பழையதாகவே இருக்கட்டும், நூலில் நினைவு ஒன்றுமில்லை.

#13 புதுவரவு
தங்கச் சங்கிலி போட்டால் கழுத்தில் கறுப்புக் கோடு விழுகிறது. போலித் தங்கமா?

#14 மாற்று
அப்படி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. இரண்டு காரணங்கள். ஒன்று, வியர்வை உப்பு செம்பையும் வெள்ளியையும் தாக்கி உண்டாகும் கருமை. 14 காரட்டுக்குக் கீழே இது அதிகம். இரண்டாவது, முகப்பொடியிலும் வெயில் தடுப்புக் கிரீமிலும் உள்ள துத்தநாக ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு போன்ற கடினத் துகள்கள் தங்கத்தை நுண்தூளாக உரசி எடுக்கும். தங்கம் அவ்வளவு பொடியாகும்போது கறுப்பாகத் தெரியும். நகையைக் கழுவி, பூச்சு இல்லாத தோலில் சில நாள் அணிந்து பாருங்கள். கோடு நின்றால் பூச்சுதான் காரணம்.

கூடவே ஒன்று. பாதரசம் தங்கத்தோடு கலந்து வெள்ளையாக்கிவிடும். உடைந்த பழைய வெப்பமானியைக் கையால் அள்ளாதீர்கள். சில தோல் வெளுப்புக் கிரீம்களில் பாதரசச் சேர்மம் இருக்கும், அது தோலுக்கும் கேடு, மோதிரத்துக்கும் கேடு.

#15 அடுக்கு
இரண்டு மூன்று மோதிரம் ஒரே விரலில் அணிகிறவர்கள் கவனத்துக்கு. பக்கத்தில் இருக்கும் மோதிரத்தின் ஓரத்தில் வைரம் பதித்திருந்தால், அந்த வைரத்தின் இடை விளிம்பு மற்ற மோதிரத்தை ரம்பம் போல அறுக்கும். சில ஆண்டில் பிராங்கின் அடித்தண்டே அறுபட்டிருக்கும். மேலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டையும் கழற்றி, ஒன்றையொன்று தொடும் பக்கத்தை லென்ஸில் பாருங்கள். தீர்வு: நடுவே மெல்லிய வெற்று வளையம் ஒன்று போடுவது, அல்லது இரண்டையும் அடியில் பற்றவைத்து ஒன்றாக்குவது. பரம்பரை மோதிரத்தைப் புது மோதிரத்தோடு ஒட்டவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை, வேறு விரலில் போடுங்கள்.

#16 காதணி
காதணிக்கும் சில வரிகள். தண்டு 0.8 அல்லது 0.9 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும், அதைவிட மெல்லியது துளையைக் கிழிக்கும். திருகாணியின் மரை தேய்ந்தால் சுரை (காதுக்குப் பின்னால் மாட்டும் மூடி) தானாகக் கழன்று விழும். சுரையைப் போட்டுவிட்டு, திருகாமல் லேசாக இழுத்துப் பாருங்கள். வழுக்கி வந்தால் சுரையை மட்டும் மாற்றினால் போதாது, தண்டின் மரையையும் புதுப்பிக்க வேண்டும். கனமான தொங்கட்டானைத் தினமும் அணிவதானால் பின்னால் அகலமான தட்டு வைத்த சுரை போடுங்கள், பாரம் பரவும். அப்படியும் துளை கீழ்நோக்கி நீண்டால் அந்தக் காதணியை விசேஷ நாள்களுக்கு ஒதுக்குங்கள். காது திரும்ப வளராது.

#17 சரடு
மிகப் பயனுள்ள பதில்கள். இன்னொரு கேள்வி. மோதிரம் தேய்ந்தே போய்விட்டது, அல்லது அந்த வடிவம் அணிபவருக்குப் பொருந்தவில்லை. உருக்கிப் புதிதாகச் செய்தால் அது அதே நகையா?

#18 பட்டறைக்காரர்
அதே நகையா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதே தங்கமா என்பதை நான் சொல்கிறேன். கேட்காவிட்டால் பெரும்பாலும் இல்லை. உங்கள் பொன்னின் எடைக்கு ஈடாக வேறு பொன்னில் செய்து தருவது வழக்கம். உங்கள் பொன்னேதான் வேண்டுமென்றால் முதலிலேயே சொல்ல வேண்டும்.

அப்படிச் சொன்னாலும் வார்ப்பு முறையில் சிக்கல் இருக்கிறது. பழைய நகையில் பல காலத்துப் பற்றுப்பொடி, அதாவது பற்றவைக்கும் உலோகக் கலவை, கலந்திருக்கும். உருக்கும்போது அதிலுள்ள துத்தநாகம் ஆவியாகும், அதனால் வார்ப்பில் துளைகளும் பொரபொரப்பும் வரும். அதைத் தவிர்க்கப் பாதிக்கு மேல் புதுப் பொன் சேர்ப்பார்கள். முழுக்க உங்கள் பொன்னே வேண்டுமென்றால் வார்க்கக் கூடாது. பற்றவைத்த பகுதிகளை வெட்டி நீக்கிவிட்டு, மீதியை உருக்கிக் கட்டியாக்கி, சுத்தியால் அடித்து, உருளையில் இழுத்து, வளைத்துச் செய்ய வேண்டும். வெற்று வளையம், காப்பு, எளிய மோதிரம் இதற்கு ஏற்றவை. நேரமும் கூலியும் கூடும். நீக்கிய துண்டுகளைத் திரும்பக் கேட்டு வாங்குங்கள்.

#19 நினைவுக்குறி
உருக்குவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: அந்த நகையில் எதைப் பார்த்தால் அந்த ஆள் நினைவுக்கு வருகிறார்? கல்லா, உள்ளே எழுதிய எழுத்தா, ஒரு பக்கம் சரிந்த வளைவா, வெறும் எடையா? கல் என்றால் கல்லை மட்டும் எடுத்துப் புது மோதிரத்தில் பதியுங்கள். எழுத்து என்றால் எழுத்துள்ள வளையத் துண்டை வெட்டிப் பதக்கத்தின் பின்பக்கத்தில் பற்றவைக்கலாம். வளைவு என்றால் உருக்கவே உருக்காதீர்கள், சங்கிலியில் கோத்துக் கழுத்தில் அணியுங்கள். மோதிரத்தைக் கழுத்துக்கு மாற்றினால் இடியும் உரசலும் வெகுவாகக் குறையும், மரகதத்துக்கும் அது நல்ல வழி.

தான் வாங்கிய நகை என்றாலும் இதே சிந்தனைதான். அணிந்து பழகப் பழகத்தான் ஒரு நகை ஒருவருக்கு உரியதாகிறது என்று நம்புகிறேன். அதனால் தினசரி நகையாக மிக மென்மையான, மிக உயரமான, எப்போதும் காவல் காக்க வேண்டிய ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். தாழ்ந்த பதிப்பு, தடித்த அடிப்பாகம், மாற்றக்கூடிய கொக்கி, இந்த மூன்றும் இருந்தால் எந்த வடிவமும் சரி.

#20 அளவு
புதிதாகச் செய்வதானால் விரல் அளவைக் காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை எடுங்கள். வெயிலிலும் உப்பான சாப்பாட்டுக்குப் பிறகும் விரல் வீங்கும், குளிரில் சுருங்கும். மோதிரம் மூட்டைத் தாண்டும்போது சற்று இறுக வேண்டும், தாண்டிய பின் சுழலாமல் நிற்க வேண்டும். 6 மி.மீ.க்கு மேல் அகலமான வளையம் அதே அளவில் இறுக்கமாகத் தோன்றும், கொஞ்சம் பெரிதாக எடுங்கள். மூட்டு பருத்து விரல் மெலிந்தவர்களுக்கு வளையத்தின் உள்ளே அடிப்பக்கம் இரண்டு சின்ன மணிகள் பற்றவைத்தால் கல் பக்கவாட்டில் சரியாது. சுற்றிலும் கல் பதித்த வளையத்தின் அளவைப் பிறகு மாற்ற முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

#21 வெண்பொன்
குழந்தையைத் தூக்குகிறவர்கள் சங்கிலியில் ஒரே ஒரு இணைப்பு வளையத்தை மற்றவற்றைவிட மெல்லியதாக வைக்கச் சொல்லுங்கள். இழுத்தால் அது மட்டும் திறந்துகொள்ளும். சங்கிலியும் பிழைக்கும், கழுத்தும் பிழைக்கும். பட்டறைக்காரருக்கு இது பிடிக்காமல் போகலாம்.

#22 பட்டறைக்காரர்
பிடிக்கவில்லைதான், ஆனால் காரணம் நியாயமானது. அந்த வளையம் கொக்கிப் பக்கத்தில் இருக்கட்டும், பதக்கத்தின் பக்கம் வேண்டாம். பதக்கத்தின் பக்கம் திறந்தால் பதக்கம் எங்கே விழுந்ததென்றே தெரியாது.

#23 புதுவரவு
மோதிரம் கழற்ற முடியாமல் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? சோப்பு போட்டும் வரவில்லை.

#24 அளவு
முதலில் கையை இதயத்துக்கு மேலே சில நிமிடம் உயர்த்திப் பிடித்து, குளிர்ந்த நீரில் வையுங்கள். பிறகு பல்லிடுக்கு நூலோ வழுவழுப்பான தையல் நூலோ எடுங்கள். நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் செருகி உள்ளங்கைப் பக்கம் நீட்டி விடுங்கள். மற்ற நூலை மோதிரத்தை ஒட்டி ஆரம்பித்து, மூட்டைத் தாண்டும் வரை இடைவெளி இல்லாமல் நெருக்கமாகச் சுற்றுங்கள். சற்று எண்ணெய் தடவி, உள்ளங்கைப் பக்கம் இருக்கும் முனையை விரல் நுனியை நோக்கி இழுத்துச் சுற்றைப் பிரித்துக்கொண்டே வந்தால் மோதிரம் நூலின் மேல் ஏறி நகரும். சுற்றை நீண்ட நேரம் விட்டுவைக்காதீர்கள்.

விரல் நீலம் பாரித்தாலோ, மரத்தாலோ, அடிபட்டு வீங்கியிருந்தாலோ நூலெல்லாம் வேண்டாம், உடனே மருத்துவமனை போய் வெட்டச் சொல்லுங்கள். தங்கத்தைச் சின்ன வெட்டுக்கருவியே அறுக்கும். டங்ஸ்டன் கார்பைடும் செராமிக்கும் அறுபடாது, இடுக்கியால் நெரித்து உடைக்க வேண்டும் என்று அவர்களிடம் சொல்லுங்கள். வெட்டிய தங்க மோதிரத்தைப் பிறகு பற்றவைத்துவிடலாம். நேரம் இருந்தால் உள்ளே எழுத்து எந்தப் பக்கம் என்று காட்டி, எழுத்தில்லாத பக்கம் வெட்டச் சொல்லுங்கள்.